ஆறு மெகாபிக்சல் போதுமா?
தொடக்க நிலை டிஜிட்டல் காமிராக்கள்: ஒரு மதிப்பீடு

சென்ற கல்வியாண்டில் எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்திற்குப் பழைய காமிரா ஒன்று வந்து சேர்ந்தது. கானன் நிறுவனம் 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அறிவித்த 'இ.ஓ.எஸ். 300டி' என்னும் வகை. வெள்ளி நிறப் பிளாஸ்டிக் உடல். கைபட்டுக் கைபட்டு ஓரங்களில் மெருகு போயிருந்தது. நியூட்டன் வளையங்களைப் படமெடுத்து அளப்பதற்காக மிகக் குறைந்த விலைக்கு வாங்கினோம். பெட்டியைப் பிரித்ததும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் அதைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை மெகாபிக்சல் சார்?"

"ஆறு."

"ஆறுதானா? என் போனிலேயே ஐம்பது இருக்கே சார்!"

அவரைக் குறை சொல்வதற்கில்லை. காமிரா என்றவுடன் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றே என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக விளம்பரங்கள் நமக்குக் கற்பித்து வந்திருக்கின்றன. அன்று மணி அடித்துவிட்டதால் அவருக்கு அரைகுறையாகத்தான் விடை சொன்னேன். மீதி விடையை வாசகர்களாகிய உங்கள் முன் வைக்கிறேன். இக்காமிராக்களை வாங்குமாறு பரிந்துரைப்பது என் நோக்கமன்று. அவற்றின் உற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் விலையுயர்ந்த ஒரு கருவி சாமானியர் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கும்போது அதில் எது தானாகக் குறைகிறது, எது வேண்டுமென்றே குறைக்கப்படுகிறது என்பதை அறிய இவற்றைப் போன்ற நல்ல சான்று வேறு கிடைப்பது அரிது.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். எஸ்.எல்.ஆர். என்பது ஒற்றை லென்ஸ் எதிரொளிப்புக் காமிரா. லென்சுக்குப் பின்னால் 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடி நிற்கிறது. உள்ளே வரும் ஒளியை அது மேல்நோக்கித் திருப்பி, ஒரு தேய்த்த கண்ணாடித் திரையில் பிம்பமாக விழச் செய்கிறது. திரைக்கு மேலுள்ள ஐங்கோணப் பட்டகம் அப்பிம்பத்தை நேராக்கி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்கிறது. ஷட்டர் திறந்து மூடுகிறது. ஒளி பிலிமின் மேல் விழுகிறது. ஆக, நாம் காண்பதும் படத்தில் பதிவதும் ஒரே லென்ஸ் வழியாக வந்த பிம்பமே. டிஜிட்டல் எஸ்.எல்.ஆரில் பிலிமின் இடத்தைச் சிலிக்கன் உணரி பிடித்துக்கொண்டது. மற்றவை ஏறக்குறைய அப்படியே இருந்தன.

இந்த மாற்றம் தொடக்கத்தில் செல்வர்க்கும் செய்தி நிறுவனங்களுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. 1991இல் கோடாக் நிறுவனம் நிக்கான் எஃப்3 காமிராவில் 13 லட்சம் படப்புள்ளிகள் கொண்ட உணரியைப் பொருத்தி விற்றது. படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தனியே தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். விலை 20,000 டாலர் அளவில் இருந்தது. 1999இல் வந்த நிக்கான் டி1, 27 லட்சம் புள்ளிகளுக்கு 5000 டாலருக்கு மேல் கேட்டது. 2000ஆம் ஆண்டின் கானன் டி30 ஏறக்குறைய 3000 டாலர். பிறகு 2003இல் 300டி வந்தது. புள்ளிகள் 63 லட்சம்; விலையோ லென்ஸ் இல்லாமல் 899 டாலர், 18-55 மி.மீ. லென்சுடன் 999 டாலர். ஆயிரம் டாலருக்குக் கீழே இறங்கிய முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். இதுவே. ஆறே மாதத்தில், 2004 ஜனவரியில், நிக்கான் தன் டி70ஐ அறிவித்தது. போட்டி தொடங்கிவிட்டது.

கறைபட்ட துணி

விலை இறங்கியதற்கு முதற் காரணம் உணரியின் பரப்பு. பிலிமின் ஒரு கட்டம் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடையது, பரப்பு 864 சதுர மி.மீ. 300டியின் உணரியோ 22.7 மி.மீ.க்கு 15.1 மி.மீ.; பரப்பு 343 சதுர மி.மீ. அதாவது ஐந்தில் இரண்டு பங்குதான்.

பரப்பு ஐந்தில் இரண்டானால் விலையும் ஐந்தில் இரண்டாகும் என்று எண்ணிவிடாதீர்கள். அதைவிடக் கூடுதலாகவே குறையும். பத்து இடங்களில் கறைபட்ட ஒரு துணி உங்களிடம் இருப்பதாகக் கொள்ளுங்கள். அதை வேட்டிகளாக வெட்டினால் பெரும்பாலான வேட்டிகளில் கறை இருக்கும். கைக்குட்டைகளாக வெட்டினால் பத்துக் கைக்குட்டைகள் கெடும். மற்றவை நன்றாகவே இருக்கும். சிலிக்கன் வட்டின் கதையும் இதுவே. 20 செ.மீ. விட்டமுள்ள வட்டின் பரப்பு 31,400 சதுர மி.மீ. அதைப் பிலிம் அளவால் வகுத்தால் 36. 300டி அளவால் வகுத்தால் 91. (வட்டத்தில் செவ்வகங்களை அடுக்கும்போது விளிம்பில் வீணாவது தனி; பெரிய செவ்வகத்திற்கு அந்த நட்டமும் அதிகம்.) வட்டில் இருபது இடங்களில் பழுது இருந்தால் முன்னதில் பாதிக்கு மேல் போய்விடலாம், பின்னதில் கால் பங்கு கூடப் போகாது. 2002இல் பிலிம் அளவு முழு உணரியுடன் வந்த கானன் 1டி.எஸ். ஏறக்குறைய 8000 டாலருக்கு விற்றதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

எனவே உணரியின் சிறுமை நேர்மையான சிக்கனம் என்பேன். இயற்கையே விதித்த விலைப்பட்டியலை மதித்து நடந்த சிக்கனம் அது. ஆனால் அதற்கும் ஒரு விளைவு உண்டு. சிறிய உணரி பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால், பிலிம் காலத்து 28 மி.மீ. அகன்ற கோண லென்ஸ் இதில் 45 மி.மீ. லென்ஸ் போலச் சாதாரணமாகிவிடும். அகன்ற கோணம் வேண்டுமானால் 18 மி.மீ. குவியத் தூரம் தேவை. இங்கே ஒரு சிக்கல். கண்ணாடி மேலெழுந்து இறங்க இடம் வேண்டுமாதலால், லென்ஸ் பொருந்தும் வளையத்திற்கும் உணரிக்கும் இடையே 44 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறார்கள். 18 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ் அவ்வளவு தொலைவில் எப்படிப் பிம்பம் அமைக்கும்? முன்னே குழிலென்சுத் தொகுதியும் பின்னே குவிலென்சுத் தொகுதியும் வைத்து, லென்சின் முதன்மைத் தளத்தையே பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். தொலைநோக்கி லென்சைத் திருப்பிப் போட்டது போன்ற அமைப்பு இது. கானன் இன்னும் ஒரு படி போயிற்று. சிறிய உணரிக்குச் சிறிய கண்ணாடி போதுமாகையால், லென்சின் பின்பகுதி சற்று உள்ளே நுழையுமாறு புதிய லென்சு வரிசை ஒன்றையே 300டியுடன் தொடங்கியது. 18-55 மி.மீ. லென்ஸ் அவ்வரிசையின் முதற் பிள்ளை. அதன் பிளாஸ்டிக் உடலைப் பலரும் ஏளனம் செய்தனர். நான் செய்யமாட்டேன். பயனர் செலுத்திய கூடுதல் நூறு டாலருக்கு அதைவிட அதிகம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

புள்ளியின் பரப்பு

மாணவரின் கேள்விக்கு வருவோம். 300டியின் ஒவ்வொரு படப்புள்ளியும் 7.4 மைக்ரான் பக்கமுள்ள சதுரம். அதே காலத்து நல்ல சிறு காமிரா ஒன்றில், 50 லட்சம் புள்ளிகள் ஏறக்குறைய 7 மி.மீ. அகலமுள்ள உணரியில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் 2.8 மைக்ரான். பரப்பில் ஏழில் ஒரு பங்கு.

ஒளி தொடர்ச்சியாக ஊற்றும் நீரல்ல. துகள் துகளாக விழும் மழை. முற்றத்தில் இரண்டு பாத்திரங்களை வைத்தால், இரண்டிலும் விழும் துளிகளின் எண்ணிக்கை ஒன்றாக இராது. சராசரியாக என் என்ற எண்ணிக்கையில் துகள்கள் விழுமானால், அதன் ஏற்ற இறக்கம் என்-இன் வர்க்கமூலம் அளவு இருக்கும். பெரிய புள்ளியில் 10,000 ஒளித்துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100; அதாவது நூற்றுக்கு ஒன்று. அதே வெளிச்சத்தில் சிறிய புள்ளிக்கு 1430 துகள்களே கிடைக்கும், ஏற்ற இறக்கம் 38, நூற்றுக்கு 2.6 என்றாகிறது. சமமான சாம்பல் நிறச் சுவரில் இது மணல் தூவியது போல் தெரியும். இதையே இரைச்சல் என்கிறோம். மின்சுற்றை எவ்வளவு செம்மையாக அமைத்தாலும் இந்தப் பகுதி இரைச்சலைப் போக்க முடியாது. அது ஒளியிலேயே இருக்கிறது.

இன்றைய கைப்பேசியின் ஐம்பது மெகாபிக்சலில் ஒரு புள்ளி ஒரு மைக்ரான் அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். பரப்பில் 300டியின் புள்ளி ஐம்பது மடங்குக்கு மேல். அப்படியானால் கைப்பேசி தோற்றதா? இல்லை, நியாயமாகச் சொல்ல வேண்டும். இன்றைய உணரி தன்மேல் விழும் துகள்களை வீணாக்காமல் பிடிக்கிறது. நான்கு புள்ளிகளை ஒன்றாகக் கூட்டுகிறது. பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று சேர்க்கிறது. இருட்டில் என் மாணவரின் கைப்பேசிப் படம் பழைய காமிராப் படத்தைவிட நன்றாக இருந்தால் நான் வியப்படைய மாட்டேன். ஆனால் அந்த நன்மைக்குக் காரணம் ஐம்பது என்ற எண் அன்று. அந்த எண்ணால் விளைந்த குறையை ஈடுசெய்ய அமைந்த கணக்குகளே காரணம்.

பூட்டிய கதவுகள்

இனி 300டியின்மேல் என் முதற் குற்றச்சாட்டு. அதே ஆண்டு பிப்ரவரியில் கானன் 10டி என்னும் காமிராவை 1499 டாலருக்கு அறிவித்திருந்தது. இரண்டிலும் ஒரே உணரி; படத்தைப் பதப்படுத்தும் செயலியும் ஒரே வகை. 10டியின் உலோக உடலும் கண்ணாடிப் பட்டகமும் உண்மையாகவே செலவு பிடிப்பவை. அவற்றை நீக்கியதால் விலை குறைந்தது என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் 300டியில் வேறு சிலவும் காணாமற் போயின. ஒளியை அளக்கும் முறையைப் பயனரே தேர்ந்தெடுக்க முடியாது. குவியப்படுத்தும் முறையையும் காமிராவே முடிவு செய்யும். பிளாஷ் ஒளியைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. அதிர்வைத் தவிர்க்கக் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதி இல்லை. ஐ.எஸ்.ஓ. 3200 இல்லை.

இவற்றுள் பலவும் உண்மையில் இல்லாமற் போகவில்லை. உள்ளேயே இருந்தன. ரஷ்யாவிலிருந்து ஆர்வலர் ஒருவர் மாற்றியமைத்து வெளியிட்ட மென்பொருளைக் காமிராவில் ஏற்றியதும் பிளாஷ் திருத்தமும், கண்ணாடியை நிறுத்தும் வசதியும், ஐ.எஸ்.ஓ. 3200உம் வேலை செய்யத் தொடங்கின. ஒரு திருகாணிகூடக் கூடுதலாகத் தேவைப்படவில்லை! வீட்டைக் கட்டி முடித்து, இரண்டு அறைகளைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொண்டு, சிறிய வீடு என்று விற்றது போலாயிற்று.

புதியவர்கள் குழம்பக் கூடாது என்பதற்காகவே எளிமைப்படுத்தினோம் என்ற சமாதானம் உண்டு. எனக்கு அது ஏற்புடையதன்று. வேண்டாதவர் திறக்கமாட்டார், அவ்வளவே. கற்க விரும்புபவரைத்தான் அப்பூட்டு தடுத்தது. விலை உயர்ந்த 10டியின் விற்பனை குறைந்துவிடக் கூடாது என்பதே காரணம் என்று கருத இடமுண்டு. 2005 பிப்ரவரியில் அறிவித்த 350டியில் ஒளியளவு முறை, குவிய முறை, பிளாஷ் திருத்தம் ஆகியவற்றைப் பயனர் கையில் கானனே திருப்பிக் கொடுத்தது. டி70இன் போட்டி இல்லாதிருந்தால் கொடுத்திருக்குமா என்பது ஐயமே.

சிறுத்துப் போன சாளரம்

விமரிசகர்கள் அதிகம் பேசாத, ஆனால் என் கணக்கில் பெரிய இழப்பு வேறொன்று. அது கண்ணை வைத்துப் பார்க்கும் வியூபைண்டர்.

300டி, டி70, டி40 ஆகிய மூன்றிலும் கண்ணாடிப் பட்டகத்திற்குப் பதிலாக, உள்ளே வெறுமையான பெட்டியில் ஒட்டிய ஆடிகளே இருந்தன. எடை குறைவு, செலவும் குறைவு. ஒவ்வோர் ஆடியிலும் சிறிது ஒளி இழப்பாகிறது என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதைவிட நுட்பமான இழப்பு ஒன்று உண்டு. உங்கள் பாடநூலிலேயே அதற்கு விளக்கம் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் அடியில் கிடக்கும் காசு மேலெழுந்தாற்போல் தோன்றுகிறதன்றோ? அந்தத் தோற்ற ஆழம்தான் இங்கும். பட்டகத்தினுள் ஒளி 90 மி.மீ. தொலைவு செல்வதாகக் கொள்வோம். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5 என்றால், கண்ணுக்கு அத்தொலைவு 60 மி.மீ. போலவே தோன்றும். ஆகவே 60 மி.மீ. குவியத் தூரமுள்ள கண்ணருகு லென்சைப் பொருத்தலாம். 50 மி.மீ. லென்ஸ் மாட்டிய காமிராவில் வியூபைண்டரின் உருப்பெருக்கம் என்பது 50ஐக் கண்ணருகு லென்சின் குவியத் தூரத்தால் வகுத்து வருவது, இங்கே 0.83. பட்டகத்தை எடுத்துவிட்டுக் காற்றை நிரப்பினால் தொலைவு 90 மி.மீ.யாகவே நிற்கும், உருப்பெருக்கம் 0.56 ஆகிவிடும். சிறிய உணரிக்குப் பெட்டியும் சிறியதாகையால் நடைமுறையில் இவ்வளவு வீழ்ச்சி இல்லை. ஆனால் திசை இதுதான்.

அத்துடன் பார்க்கும் சட்டமே சிறியது. நிக்கானின் பழைய பிலிம் காமிராவான எஃப்.எம்.2இன் உருப்பெருக்கம் 0.86. டி70இல் 0.75 என்று அச்சிட்டிருக்கும். அதிக வேறுபாடு இல்லையே என்று தோன்றும். ஆனால் டி70இன் சட்டம் 1.5 மடங்கு சிறியதாதலால், கண்ணுக்குத் தெரியும் காட்சியின் அளவில் அது 0.5க்குச் சமம். இருண்ட நடைக்கூடத்தின் கோடியில் தெரியும் சன்னலைப் பார்ப்பது போல இருக்கும். கையால் குவியப்படுத்திப் பழக விரும்பும் மாணவருக்கு இது பெரும் இடர்ப்பாடு. கண் இமை கூர்மையாக இருக்கிறதா, காது கூர்மையாக இருக்கிறதா என்பது அந்தச் சிறு சன்னலில் தெரியாது. படத்தைக் கணிப்பொறியில் திறந்த பின்புதான் தெரியும்.

செய்ய முடியாத காரியமா என்றால், இல்லை. 2004இல் பென்டாக்ஸ் நிறுவனம் 'இஸ்ட் டி.எஸ்.' என்ற தொடக்க நிலைக் காமிராவில் (அந்தப் பெயரை வைத்தவர் அதை உரக்கச் சொல்லிப் பார்த்திருக்க மாட்டார்!) உண்மையான கண்ணாடிப் பட்டகத்தை வைத்தது. உருப்பெருக்கம் 0.95. பிலிம் அளவுக்கு மாற்றினாலும் 0.63 வரும். கடிகாரத்திலும் டார்ச்சிலும் போடும் சாதாரண ஏ.ஏ. பேட்டரியிலேயே இயங்கியது. ஒரு மாணவருக்கு எதைக் கொடுப்பாய் என்று அந்நாளில் என்னைக் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். அடுத்த ஆண்டே அதன் மலிவுப் பதிப்பில் பட்டகம் போய் ஆடிகள் வந்துவிட்டன. விளம்பரத்தில் போட முடியாத நன்மை நீடிப்பதில்லை.

முன்னேற்றமா, பின்னேற்றமா?

டி70க்கு ஒரு பாராட்டு உரியது. ஷட்டர் என்பது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு திரைகள். மிகக் குறுகிய நேரத்திற்கு, முதல் திரை முழுதும் திறப்பதற்குள் இரண்டாம் திரை மூடத் தொடங்கிவிடும். ஒரு பிளவுதான் உணரியின்மேல் ஊர்ந்து செல்லும். பிளாஷ் ஒளியோ கணநேர மின்னல். பிளவின் வழியே ஒரு பட்டை மட்டும் வெளிச்சம் பெறும். ஆகவே உணரி முழுதும் ஒருங்கே திறந்திருக்கும் வேகம் வரைதான் பிளாஷ் பயன்படும். பல காமிராக்களில் அது 1/200 வினாடி. டி70இன் சி.சி.டி.யில் ஒவ்வொரு புள்ளி வரிசைக்கும் பக்கத்தில் ஒளி புகாத வாய்க்கால் ஒன்று உண்டு. நேரம் முடிந்ததும் எல்லாப் புள்ளிகளின் மின்னூட்டமும் ஒரே கணத்தில் அவ்வாய்க்காலுக்குத் தள்ளப்படும். திரை மூடவே தேவையில்லை. எனவே பிளாஷுடன் 1/500 வினாடி கிடைத்தது. உச்சிவெயிலில் முகத்தில் விழும் நிழலைப் பிளாஷால் போக்க முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

2006 நவம்பரில் வந்த டி40இலும் இந்த 1/500 இருந்தது. லென்சுடன் 600 டாலர். 61 லட்சம் புள்ளிகள். கைக்கு அடக்கமான நல்ல காமிரா. ஆனால் ஒரு கதவு இங்கும் அடைக்கப்பட்டது. குவியப்படுத்தும் மோட்டாரை உடலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மோட்டார் உள்ள புதிய லென்ஸ்கள் மட்டுமே தாமாகக் குவியும். நிக்கானின் மிக மலிவான, கூர்மையான 50 மி.மீ. எஃப்/1.8 லென்சில் அந்நாளில் மோட்டார் இல்லை. ஆக, காமிராவில் மிச்சம் பிடித்ததைப் பயனர் லென்சில் செலவழிக்க வேண்டியதாயிற்று. மோட்டாருடன் கூடிய மலிவான 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் 2009இல்தான் வந்தது.

நான்கே மாதத்தில், 2007 மார்ச்சில், டி40எக்ஸ் வந்தது. லென்சுடன் ஏறக்குறைய 800 டாலர். என்ன கூடியது? 61 லட்சம் 102 லட்சமாயிற்று. புதிய உணரியில் அந்த வாய்க்கால் தந்திரம் கிடைக்காததால் பிளாஷ் வேகம் 1/500இலிருந்து 1/200க்கு இறங்கியது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் கூடியது அச்சாயிற்று. குறைந்தது கையேட்டின் பின்பக்க அட்டவணையில் கிடந்தது.

கூடிய 41 லட்சம் புள்ளிகளின் மதிப்பு என்ன? படத்தின் அகலத்தில் 3008 புள்ளிகள் இருந்த இடத்தில் 3872 ஆயின. நீள அளவில் 29 விழுக்காடுதான் கூடுதல். அங்குலத்திற்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சில் 10 அங்குல அகலப் படம் 13 அங்குலம் ஆகும். திருமண ஆல்பத்தில்கூட இதனால் பெரிய வேறுபாடு தெரியாது. அதுவும் லென்ஸ் ஒத்துழைத்தால்தான்! விளிம்பு விளைவினால் ஒரு புள்ளி ஒளியின் பிம்பம் வட்டமாகப் பரவும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அவ்வட்டத்தின் விட்டம் 2.44 × அலைநீளம் × துவார எண். பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரான் எனக் கொண்டால், எஃப்/11இல் விட்டம் 14.8 மைக்ரான். டி40இன் 7.9 மைக்ரான் புள்ளிகளில் அது ஏறக்குறைய இரண்டின்மேல் பரவும்; டி40எக்சின் 6.1 மைக்ரான் புள்ளிகளில் இரண்டரையின்மேல். 2009இல் வந்த கானன் 500டியின் 4.7 மைக்ரானில் மூன்றுக்கு மேல். மங்கலான ஒரு வட்டத்தை மேலும் மேலும் நுட்பமாக அளந்துகொண்டே போகிறோம். வட்டம் சிறுக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். புள்ளிகள் கூடுவதால் ஒரு நன்மை உண்டு. கொசுவலையின் இரு மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது அலையலையான கோலங்கள் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நுண்ணிய நெசவுள்ள துணியைப் படமெடுத்தால், நெசவின் வரிசைக்கும் உணரிப் புள்ளிகளின் வரிசைக்கும் இடையே இதே கோலம் பொய்யாகத் தோன்றும். டி70 இதற்குப் பெயர் போனது. புள்ளிகள் நெருங்கினால் இத்தொல்லை குறையும். அவ்வளவு தூரம் எண்ணிக்கைக்கும் மதிப்பு உண்டு.

பின்னர் நடந்தவை வேகமாக நடந்தன. உணரியில் தூசியை உதறும் அமைப்பை 2003இலேயே ஒலிம்பஸ் கொண்டுவந்திருந்தது. கானன் 2006இல் 400டியில் சேர்த்தது. கை நடுக்கத்தைச் சரிசெய்ய உணரியையே அசைக்கும் முறையை 2005இல் கோனிகா மினோல்ட்டா தன் மலிவு விலைக் காமிராவுக்கும் கொடுத்தது. மறு ஆண்டே அந்நிறுவனம் காமிராத் தொழிலை விட்டு விலக, அது சோனியின் கைக்குப் போயிற்று. 2008இல் நிக்கான் டி90 திரைப்படமும் எடுத்தது. அதே ஆண்டு பானசோனிக் ஜி1 கண்ணாடியையே தூக்கி எறிந்துவிட்டு, மின்னணுத் திரையைக் கண்ணருகில் வைத்தது. எந்தச் சாளரத்தைச் சிறுக்கவைத்து மிச்சம் பிடித்தார்களோ, அந்தச் சாளரம் முழுவதுமாக எடுக்கப்பட்டது. பிறகு கானனும் நிக்கானும்கூட அவ்வழியே சென்றுவிட்டன.

மீண்டும் எங்கள் ஆய்வகம். சோடியம் விளக்கின் ஒளியில் நியூட்டன் வளையங்களைப் பழைய 300டியில் எடுத்தோம். உணரியின் புள்ளிகள் நிறம் அறியா. ஒவ்வொன்றின் மேலும் ஒரு நிற வடிகட்டி இருக்கிறது. பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். கோடாக்கில் பணிபுரிந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஆறு மெகாபிக்சல் என்பதே மூன்று பச்சை, ஒன்றரை சிவப்பு, ஒன்றரை நீலந்தான். விடுபட்ட நிறங்களை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு ஊகித்து நிரப்புகிறார்கள். ஊகம் ஏதும் கலவாத மூலக் கோப்பை மாணவர் திறந்தார். சோடியத்தின் மஞ்சள் ஒளி 589 நானோமீட்டர். சிவப்பிலும் பச்சையிலும் வளையங்கள் பளிச்சென்று தெரிந்தன. நீலத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் எண் பூச்சியமாக இல்லை. "ஒளியே இல்லாத இடத்தில் எண் எப்படி சார் வரும்?" என்றார். "லென்ஸ் மூடியை மாட்டி ஒரு படம் எடு தம்பி" என்றேன்.

எடுத்தார். முழு இருட்டிலும் எல்லாப் புள்ளிகளிலும் எண் இருந்தது. கானன் அதை வேண்டுமென்றே கூட்டி வைத்திருக்கிறது. இரைச்சல் மேலும் கீழுமாக ஆடும்; அடிமட்டம் பூச்சியம் என்றால் கீழே போகும் பாதி வெட்டுண்டு போகும். சற்று உயர்த்தி வைத்தால் இரண்டு பாதியும் நிற்கும், பிறகு கழித்துக்கொள்ளலாம். அக்கால நிக்கான் காமிராக்கள் அதை வெட்டிவிட்டே கோப்பை எழுதின. மங்கிய நெபுலாக்களைப் பல படங்களாக எடுத்துக் கூட்டும் வானியல் ஆர்வலர்கள் அந்நாளில் 300டியை நாடியதற்கு இதுவும் ஒரு காரணம். மாணவர் இப்போது அந்த இருட்டுப் படத்தை ஒவ்வொரு படத்திலிருந்தும் கழித்து, வளையங்களின் ஒளிச்செறிவை வரைபடமாக வரைந்துகொண்டிருக்கிறார். ஆறாவது வளையம் வரை முடிந்திருக்கிறது.